பொன்னாடை போர்த்தி அனுப்பிவைத்தோம்

வாழ்த்து மடல் எழுதுவதில் நான் கெட்டிக்காரன். கல்லூரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவன். தர்மபுரி வட்டாரத்தில் யாராவது மணிவிழா கொண்டாடினாலும், பணி ஓய்வு பெற்றாலும், சங்கத்தில் ஒரு பதவிக்கு வந்தாலும் என் வீட்டுக்கு ஆள் வந்துவிடும். பெயரையும் பதவியையும் சொன்னால் போதும், மறுநாள் காலை மடல் தயார். அதை வழுவழுப்பான தாளில் அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, மேடையில் உரக்கப் படித்துக் கையில் கொடுப்பார்கள். வாங்கியவர் அதை வரவேற்பறையில் மாட்டுவார். அடுத்த வெள்ளையடிப்புக்குக் கழற்றினால் பிறகு கட்டிலுக்கு அடியில்தான் அதற்கு இடம்.

இப்படி நான் எழுதியவற்றில் ஒன்றே ஒன்று ஓர் ஆளை வேலையிலிருந்து நீக்குவதற்காக எழுதியது. நான் எழுதியதிலேயே அழகான மடல் அதுதான் என்று அன்றைக்கு எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ‘நீக்குகிறோம்’ என்ற சொல் அதில் ஓரிடத்திலும் இல்லை.

எங்கள் மாவட்டத்தில் பாரதக் கூத்தும் நாடகமும் ஆடுகிறவர்கள் ஏராளம். அவர்களுக்கு ஆண்டுதோறும் விருது கொடுப்பதற்காக ஒரு சங்கம் வைத்திருந்தோம். கூத்துப் பருவம் முடிந்து ஆவணியில் விழா. தலைவர் மாங்கூழ் ஆலை முதலாளி. கல்யாண மண்டபமும் அவருடையது, அதனால்தான் தலைவர். நான் துணைத் தலைவர். எனக்கு மண்டபம் கிடையாது, ஆனால் பேசத் தெரியும்.

எங்கள் பழைய விழாவை ஒரு முறை பார்த்தவர்கள் மறுமுறை வரமாட்டார்கள். மேடையில் இரண்டு வரிசை நாற்காலி, அத்தனையிலும் பிரமுகர்கள். ஒவ்வொருவருக்கும் பொன்னாடை. பொன்னாடை போர்த்தியவருக்கு, போர்த்திக்கொண்டவர் திருப்பி ஒன்று போர்த்துவார். என் வீட்டில் இன்றைக்கும் தொலைக்காட்சிப் பெட்டி, தையல் மெஷின், கிரைண்டர் மூன்றும் பொன்னாடை போர்த்திக்கொண்டுதான் நிற்கின்றன. பிறகு வரவேற்புரை, வாழ்த்துரை, தலைமையுரை. பிறகு நான் நாற்பது நிமிடம் நாடகத் தமிழின் தொன்மை பற்றிப் பேசுவேன். விருது வாங்க வந்த கூத்துக்காரர்கள் பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் முறை வரும்போது பிரமுகர்கள் சாப்பிடப் போயிருப்பார்கள். மண்டப மேனேஜர்தான் விருதை எடுத்துக் கொடுப்பார்.

ஒரு வருடம் கூட்டமே இல்லாமல் போனதும் தலைவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

“பாலக்கோடு மண்டியில ஒரு அம்மா இருக்குது புலவரே,” என்றார். என்னைப் புலவரே என்றுதான் கூப்பிடுவார். “நம்ம தோட்டத்துத் தக்காளி அங்கதான் போவுது. காலையில எந்த லாரி மொதல்ல போவணும், எது கடைசின்னு அதுதான் நின்னு அனுப்புது. அது ஒரு சத்தம் போட்டா டிரைவருங்க டீயை வெச்சிட்டு ஓடறானுங்க. நம்ம விழாவையும் அதுகிட்டக் குடுத்துப் பாப்பமா?”

அந்த அம்மாவுக்கு அப்போது ஐம்பது வயதுக்குப் பக்கம். வேளாண் குடும்பம், கிறிஸ்தவர்கள். அவர்கள் ஊரில் ஈஸ்டரை ஒட்டி, இயேசுவின் பாடுகளை நடித்துக்காட்டும் பாஸ்கா நாடகத்தைப் பல ஆண்டுகளாக அவர்தான் நடத்திவந்தார். நூறு பேருக்கு மேல் ஏறி இறங்கும் மேடை அது. தக்காளி, பாஸ்கா என்று இரண்டு படிப்புப் படித்துவிட்டு எங்களிடம் வந்தார். முதல் நாள் பேச்சு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

“விழா எத்தினி மணிக்குங்க சார்?” என்று என்னிடம் கேட்டார்.

“நாலு மணிக்கும்மா.”

“நாலுன்னா நாலா?”

“தலைவர் வரணும், ஒன்றியச் சேர்மன் வரணும். ஆறு ஆயிடும்.”

“அப்ப ஆறுன்னே நோட்டீஸ்ல போட்டுடலாமுங்களே.”

“ஆறுன்னு போட்டா எட்டாயிடும்மா.”

அவர் சிரிக்கவில்லை. “கூட்டமும் தக்காளி மாதிரிதானுங்க சார். வந்த ஒடனே தூக்கிடணும். நிக்க வெச்சா கீழ இருக்கறது நசுங்கிப்போயிடும்,” என்றார்.

அந்த ஆண்டு விழா நாலு மணிக்கே தொடங்கியது. தலைவரே வந்துசேராத நேரம். மேடையில் ஒரு நாற்காலிகூட இல்லை. பிரமுகர்கள் எல்லாரும் முன்வரிசையில், கீழே. பொன்னாடை கிடையாது. விருது வாங்குகிறவர் சட்டை வேட்டியில் வந்து குனிந்து வாங்கிக்கொண்டு போகக்கூடாது. வேஷம் கட்டி வர வேண்டும், தன் பாகத்தை இரண்டு நிமிடம் ஆடிக்காட்ட வேண்டும், பிறகுதான் விருது. பீமனும் திரௌபதியும் அர்ச்சுனனும் ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். சனங்கள் நாற்காலிமேல் ஏறி நின்று பார்த்தார்கள். இரண்டாம் ஆண்டு மண்டபத்துக்கு வெளியே பந்தல் போட்டுத் திரை கட்டிக் காட்ட வேண்டியதாயிற்று. கிருஷ்ணகிரிக்காரர்கள் வந்தார்கள், எல்லைக்கு அந்தப்பக்கம் கன்னடம் பேசுகிற ஊர்களிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். உள்ளூர் கேபிளில் மூன்று முறை போட்டார்கள்.

பேசுகிறவர்களுக்கு அவர் வைத்த விதிதான் எங்களுக்குக் கண்டமாக வந்தது. ஆளுக்கு நாலு நிமிடம். மணி அடிப்பது, சீட்டு அனுப்புவது எல்லாம் கிடையாது. கூத்தில் ஒரு வேஷம் வரும்போது இரண்டு பேர் திரைத்துணியை ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு வருவார்கள், ஆர்மோனியமும் மிருதங்கமும் முழங்கும், திரைக்குப் பின்னால் வேஷக்காரர் பாடுவார், பிறகு திரை விலகும். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அந்த அம்மா என்ன செய்தார் என்றால், பேச்சாளருக்கு நாலு நிமிடம் முடிந்ததும் அடுத்த வேஷத்துக்கு ஆர்மோனியத்தைத் தொடங்கச் சொல்லிவிட்டார். திரை பிடிக்கிறவர்கள் நேராக வந்து பேச்சாளருக்கு முன்னால் நின்றுவிடுவார்கள். அவ்வளவுதான், ஆள் மறைந்துவிடுவார்.

இரண்டாம் ஆண்டில் எனக்கு அது நடந்தது.

மேடையில் யாரும் இல்லை என்றாலும், ‘மேடையில் வீற்றிருக்கும்’ என்று தொடங்கித்தான் எனக்குப் பழக்கம். ஆகவே கீழே உட்கார்ந்திருந்தவர்களை எல்லாம் பெயர் சொல்லி, அடைமொழி சொல்லி, மேடையில் வீற்றிருக்க வேண்டியவர்களே என்று விளித்தேன். விளித்து முடிக்கவே மூன்றரை நிமிடம் ஆகிவிட்டது. ‘முதற்கண்’ என்றேன். ஆர்மோனியம் எழும்பியது. நான் நிறுத்தவில்லை, குரலை உயர்த்தினேன். திரை வந்தது. திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு நான் நாடகத் தமிழின் தொன்மையைப் பேசிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் துரியோதனன் வந்து நின்றார், அவருடைய கிரீடம் என் தோளில் இடித்தது. கோமாளியாக வரும் கட்டியக்காரன் திரையின் ஓரமாக எட்டிப் பார்த்துவிட்டுச் சபைக்குச் சொன்னான்:

“மகாராசா, பெரியவரு இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருக்காரு. நாம போயிட்டு அடுத்த வருசம் வருவமா?”

மண்டபம் சிரித்த சிரிப்பு இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. என்னிடம் படித்த மாணவர்கள் பத்துப் பேராவது அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள்.

விழா முடிந்ததும் அந்த அம்மா என்னைத் தேடி வந்தார். “சார், கோச்சிக்காதீங்க. உங்களுக்குன்னு இல்ல. தலைவருக்கும் அதேதான் பண்ணுனோம்,” என்றார். “சேச்சே, நன்றாக இருந்தது அம்மா, நல்ல உத்தி,” என்று சொன்னேன். கல்லூரியில் கற்றுக்கொண்ட பழக்கம், பிடிக்காததை எல்லாம் உத்தி என்று சொல்லிவிடுவது.

இதை ஏன் விவரமாக எழுதுகிறேன் என்றால், பிறகு நான் செய்ததற்கு வேறு காரணங்கள் இருந்தன என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். சங்கத்தின் மரபு, நிர்வாகத்தின் மாண்பு என்றெல்லாம். இருந்தது ஒரே காரணம். அந்தத் திரைத்துணி.

மூன்றாம் ஆண்டு விருதுப் பட்டியல் போடும்போது சண்டை வந்தது. தலைவரின் மைத்துனருக்கு ‘கலைக் காவலர்’ விருது கொடுக்க வேண்டும் என்று தலைவருக்கு ஆசை. மைத்துனர் ஏதோ ஒரு நாடகக் குழுவுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி வாங்கிக் கொடுத்திருந்தார். தொட்டியில் அவர் பெயர் தொட்டியைவிடப் பெரிதாக எழுதியிருந்தது.

“அவரு என்னா வேஷம் கட்டுனாருங்க?” என்று அந்த அம்மா கேட்டார்.

“வேஷமெல்லாம் கட்டலம்மா. புரவலர்.”

“சரிங்க. ஒரு வேஷம் கட்டி ரெண்டு நிமிஷம் ஆடட்டும். குடுத்துடலாம்.”

தலைவர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். அந்த அம்மா சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார்.

கடைசி விருதுக்கு அவர் வேறொரு ஆளை வைத்திருந்தார். இண்டூர்ப் பக்கத்தைச் சேர்ந்த ஒரு பெரியவர். வாழ்நாள் முழுக்கத் திரை பிடித்தவர். கூத்தில் கடைநிலை வேலை அதுதான். பாடத் தெரியாதவனையும் ஆடத் தெரியாதவனையும் திரை பிடிக்க விடுவார்கள். “எல்லா ராசாவையும் அவருதானுங்க சார் கூட்டியாந்து விட்டாரு. அவரை ஒரு தடவ யாராச்சும் கூட்டியாந்து விட வேணாமா? இந்த வருசம் அவருக்குத் திரை புடிக்கப் போறம். நான் அவருகிட்டச் சொல்லிட்டேன்,” என்றார் என்னிடம். எனக்கு அது நல்ல யோசனை என்று பட்டது. பட்டதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அந்த அம்மா இல்லாத ஒரு நாளில், மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் நிர்வாகக் குழு கூடியது. போண்டாவும் காப்பியும் வந்தன.

“அந்தம்மாவை எடுத்துடணும்,” என்றார் தலைவர்.

“எடுத்தா கூட்டம் கலாட்டா பண்ணும். சனமெல்லாம் அதுக்குத்தான் வருது,” என்றார் பொருளாளர்.

இன்னொருவர் மெதுவாகத் தொண்டையைச் செருமினார். “அதும் இல்லாம, பாரதக் கூத்துக்கு விருது குடுக்கிற எடம். அவங்க கோயிலுக்கு வர்றவங்க இல்ல, சர்ச்சுக்குப் போறவங்க.”

“அதெல்லாம் பேசக் கூடாது,” என்றார் தலைவர். அதைப் பேசக் கூடாது, பேசக் கூடாது என்று சொல்லிச் சொல்லியே கால் மணி நேரம் பேசினார்கள். நான் போண்டா தின்றுகொண்டிருந்தேன்.

பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். “புலவரே, நீங்க சொல்லுங்க. உங்களுக்குத்தான் சட்டதிட்டம் தெரியும்.”

எனக்குச் சட்டதிட்டம் தெரியாது. எனக்குத் தெரிந்தது வேறொன்று. எங்கள் கல்லூரியில் யாருக்கும் வேண்டாத ஒரு துறைத் தலைவரை எப்படி அனுப்பினார்கள் என்று பார்த்திருந்தேன். நம் பக்கத்தில் ஒருவரை வெளியே அனுப்ப வேண்டுமென்றால் கழுத்தைப் பிடித்துத் தள்ள வேண்டியதில்லை. கழுத்தில் மாலை போட்டால் போதும். மாலை போட்டுக்கொண்டவர் சண்டை போட முடியாது. பார்க்கிறவர்களும் கை தட்டுவார்கள்.

“நீக்க வேண்டாம்,” என்றேன். “உயர்த்திவிடலாம். கௌரவ ஆலோசகர் ஆக்கிவிடுவோம். விழா மேடையிலேயே பாராட்டு, பொன்னாடை, வாழ்த்து மடல். மடலை நானே எழுதுகிறேன்.”

பிறகு தலைவர் தன் தட்டிலிருந்த போண்டாவை எடுத்து என் தட்டில் வைத்தார். எனக்குக் கிடைத்த விருதுகளில் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

“கௌரவ ஆலோசகருன்னா என்னா வேலைங்க?” என்று பொருளாளர் கேட்டார்.

“கௌரவமா வூட்டுல இருக்கிற வேலை,” என்றார் தலைவர்.

மடலை எழுத ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். முதல் பாதி முழுக்கப் புகழ்ச்சி. பாலக்கோட்டுச் செந்நிறக் கனிகளையும் செங்கதிரோனையும் இழுத்துவந்து அவர் சுறுசுறுப்புக்கு ஒப்பிட்டிருந்தேன். அது முடிந்த பிறகுதான் விஷயம் வரும். ‘ஓடி ஓடி உழைத்த உம் கால்களுக்கு ஓய்வு தர விழைகிறோம். திரைக்குப் பின் நின்ற உம்மைத் திரைக்கு முன் அமர்த்துகிறோம். விழாப் பொறுப்பென்னும் பாரத்தை இன்றோடு உம் தோளிலிருந்து இறக்கி, கௌரவ ஆலோசகர் என்னும் மகுடத்தைச் சூட்டுகிறோம்.’ எழுதி முடித்துத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். ஓர் ஆசிரியனுக்கு அதைவிட மகிழ்ச்சி ஏது.

அந்த ஆண்டு விழா அவர் நடத்தியவற்றில் மிகச் சிறந்தது. கடைசி விருதுக்கு முன்னால், நிகழ்ச்சிப் பட்டியலில் இல்லாதபடி, தலைவர் எழுந்து போய் ஒலிபெருக்கியைப் பிடித்தார். மூன்று ஆண்டுகளில் முதல் முறையாக மேடைக்கு நாற்காலிகள் வந்தன. முன்வரிசை முழுக்க எழுந்து ஏறியது. மூன்று வருடமாகக் கீழே உட்கார்ந்திருந்தவர்கள் எத்தனை வேகமாகப் படி ஏறினார்கள் என்பது பார்க்க வேண்டிய காட்சி. பக்கவாட்டில் பட்டியலும் பேனாவுமாக நின்றிருந்த அந்த அம்மாவைக் கூப்பிட்டு நடு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவர் கூச்சத்தோடு சிரித்தார். பட்டியலை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். பொன்னாடை போர்த்தினார்கள். சனங்கள் விசிலடித்தார்கள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்கத் தொடங்கினேன்.

தொடக்கத்தில் சில நிமிடங்கள் போனதும் அந்த அம்மா வலது கையை இடுப்பளவுக்குத் தூக்கி விரல்களை விரித்தது ஓரக்கண்ணில் தெரிந்தது. பொன்னாடை நழுவுகிறது, சரிசெய்கிறார் என்று நினைத்தேன். நான் செங்கதிரோனில் இருந்தேன்.

‘ஓய்வு’ என்ற சொல் வந்தபோது அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். ‘இன்றோடு’ என்றபோது தலைவரைப் பார்த்தார். தலைவர் கை தட்டினார். தலைவர் தட்டியதும் கூட்டம் தட்டியது. அம்மாவுக்கு ஏதோ பெரிய பதவி கொடுத்துவிட்டார்கள் என்று அவர்களுக்கு நினைப்பு. தங்களுக்குப் பிடித்த ஆளை நீக்கியதற்கு இவ்வளவு சந்தோஷமாகக் கை தட்டிய கூட்டத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அவரால் எழுந்து போகவும் முடியவில்லை. இந்தப் பக்கம் தலைவர், அந்தப் பக்கம் ஒன்றியச் சேர்மன், மடியில் கண்ணாடிச் சட்டம், கழுத்தில் பொன்னாடை. அப்படியே உட்கார வைத்துவிட்டுக் கடைசி விருதைத் தலைவர் அறிவித்தார். மைத்துனரின் பெயர். வேஷம் கட்டாவிட்டாலும் வருகை விமரிசையாக இருக்க வேண்டும் என்று, “திரை புடிங்கப்பா,” என்றார். இண்டூர்ப் பெரியவர் புதுச் சட்டையில் இருந்தார். அவருக்கு எதுவும் புரிந்ததாகத் தெரியவில்லை. கூப்பிட்ட பழக்கத்துக்குத் திரையின் ஒரு முனையை எடுத்துப் பிடித்துக்கொண்டு வந்தார். திரை விலகியது. மைத்துனர் சபாரி சட்டையோடு கும்பிட்டார்.

மடலைப் படிக்க எனக்குப் பதினோரு நிமிடம் ஆனது. கைக்கடிகாரத்தில் பார்த்தேன். ஆர்மோனியம் ஒரு முறைகூட எழும்பவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்: “பக்கவாத்தியக்காரர்கள்கூட மெய்மறந்து உட்கார்ந்துவிட்டார்கள். தமிழுக்கு அந்த வல்லமை உண்டு.”

“தூங்கிட்டிருப்பாங்க,” என்றாள் அவள்.

அதற்கடுத்த ஆண்டு விழாவைச் சங்கமே நடத்தியது. மேடையில் மூன்று வரிசை நாற்காலி. விட்டுப்போன வருடங்களுக்கும் சேர்த்துப் பொன்னாடை. கூத்துக்காரர்கள் வேஷம் கட்ட வேண்டாம், நேரம் வீணாகிறது என்று சொல்லிவிட்டார்கள். பக்கவாத்தியத்துக்குப் பதில் செல்போனிலிருந்து நாதசுரம். நாலு மணி என்று போட்டு ஏழு மணிக்குத் தொடங்கினோம். நான் பேசினேன். பத்தாவது நிமிடத்தில் பின்வரிசை எழுந்து போனது. இருபதாவது நிமிடத்தில் எனக்கே சொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும் நிறுத்தத் தெரியவில்லை. ஆர்மோனியம் இருக்க வேண்டிய இடத்தை இரண்டு மூன்று முறை திரும்பிப் பார்த்தேன். அங்கே தண்ணீர் கேன் இருந்தது. முக்கால் மணி நேரம் பேசினேன். யாரும் என்னைக் காப்பாற்றவில்லை.

கௌரவ ஆலோசகருக்கு அந்த விழாவின் அழைப்பிதழே போகவில்லை என்று பிறகு தெரிந்தது.

அந்த முக்கால் மணி நேரப் பேச்சு என்னை விடவில்லை. சில மாதங்கள் கழித்து, காலை முதல் பேருந்தைப் பிடித்துப் பாலக்கோடு மண்டிக்குப் போனேன். வண்டிகளும் பெட்டிகளுமாக நிற்க இடம் இல்லை. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நசுங்கிய தக்காளிமேல் நடந்தேன். அந்த அம்மா ஒரு லாரியின் பின்னால் நின்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் திட்டுவதை நிறுத்தினார்.

“வாங்க சார். தக்காளி வேணுங்களா?”

“இல்லம்மா. ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லுங்க. கோலாருக்குப் போற வண்டி நிக்குது. நாலு நிமிஷம் இருக்குது.”

கேலியாகச் சொன்னாரா, உண்மையிலேயே வண்டி நின்றதா என்று தெரியவில்லை. இரண்டுமாக இருக்கலாம். பேருந்தில் வரும்போது ஒரு முன்னுரை தயார் செய்திருந்தேன். அது வாயில் வரவில்லை.

“அந்த மடலை எழுதினது நான்தாம்மா.”

“அது தெரியுமே சார். இந்த ஜில்லாவுல அத்தினி சொல்லு வேற யாருகிட்ட இருக்குது?”

“யோசனையும் என்னுதுதான். உங்களை எடுக்கணும்னு அவங்க நெனச்சாங்க, எப்படின்னு தெரியாம உக்காந்திருந்தாங்க. பொன்னாடை போத்தி அனுப்பிடலாம்னு வழி சொன்னது நான்.”

இது அவருக்குத் தெரியாது. முகத்தில் தெரிந்தது.

“ஏனுங்க சார்?”

“அதுக்கு முந்தின வருசம் நான் பேசும்போது ஆர்மோனியம் வாசிச்சாங்களே. அதுக்காக.”

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். உள்ளுக்குள், சிரித்துவிட்டு விட்டுவிடுவார் என்ற நப்பாசையும் இருந்தது.

“அதுக்கா,” என்றார்.

லாரிக்காரர் ஏதோ கேட்டார். கையை மட்டும் காட்டி அவரை நிறுத்தினார்.

“நேரா வந்து, வேணாம்மா, நீ போயிடுன்னு சொல்லியிருந்தா போயிருப்பேன் சார். எனக்கு என்னா, மண்டி இருக்குது, பாஸ்கா இருக்குது. அந்தப் பெரியவருக்கு நான் வாக்குக் குடுத்திருந்தேன். மனுசன் பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டு, புதுச் சட்டை எடுத்துப் போட்டுக்கிட்டு வந்தாரு. அவரையே அந்த ஆளுக்குத் திரை புடிக்க வெச்சீங்க. நான் பொன்னாடையப் போத்திக்கிட்டு உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தேன். அவருகிட்டப் போய்ச் சொன்னீங்களா?”

“இல்லம்மா.”

“அப்பறம் எங்கிட்ட எதுக்கு சார் வந்தீங்க?”

பக்கத்திலிருந்த அவருடைய சின்ன அறையின் சுவரைப் பார்த்தேன். என் மடல் அங்கே இல்லை. நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார்.

“கண்ணாடி நல்லா இருந்துச்சின்னு மாதா படத்துக்குப் போட்டுட்டேன். உள்ள இருந்த பேப்பரை என்னா பண்ணேன்னு தெரியல,” என்றார். பிறகு வண்டியின் பின்கதவைத் தட்டினார். “மூணே நிமிஷத்துல முடிச்சிட்டீங்க சார். பரவால்ல.”

நான் ஒதுங்கி வழி விட்டேன். வண்டி போயிற்று. அடுத்த வண்டிக்கு அவர் போனார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் இண்டூர் போனேன். திரை பிடிக்கும் பெரியவர் கடலைக்காட்டில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார். எனக்கு அது கூசியது. வரப்பில் உட்கார்ந்தோம். விஷயத்தைச் சொன்னேன். அந்த விருது அவருக்கு வர வேண்டியது, வராமல் போனதற்கு நான் காரணம் என்றேன்.

“அட, எனக்கு எதுக்குங்க அதெல்லாம். திரை புடிக்கிறவனுக்குப் போயி,” என்றார். “அந்தம்மாதான் புடிவாதமாச் சொல்லுச்சி. என் வூட்டுக்காரிதான் பாவம். அவ எங்கூத்தை ஒரு நாளும் பாத்ததில்ல. அன்னிக்குத்தான் பஸ்ஸேறி வந்தா. திரும்பிப் போகையில, ‘திரைய அந்தப் பக்கம் புடிச்சது நீயா, இந்தப் பக்கம் புடிச்சது நீயா’ன்னு கேட்டா. மூஞ்சி தெரியலையாம்.”

அவர் சிரித்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“ஆனா ஒண்ணுங்க சார்,” என்றார். “அன்னிக்கு உங்களுக்கும் திரை புடிக்கத்தான் ரெடியா நின்னோம். நாலு நிமிஷம் ஆச்சி, ஆர்மோனியக்காரரு கட்டை மேல வெரலை வெச்சிட்டாரு. நான் துணியத் தூக்கிட்டேன். அந்தம்மா நாற்காலியில உக்காந்த மேனிக்கே கையைக் காட்டுச்சி, வேணாம்னு.”

“கையைக் காட்டினாங்களா?”

“ஆமாங்க. இப்பிடி.” வலது கையை இடுப்பளவுக்குத் தூக்கி விரல்களை விரித்துக் காட்டினார். “அப்பறமா நாங்க கேட்டோம், ஏம்மா நிறுத்துனீங்கன்னு. ‘போன வருசம் சாருக்கு மொகம் சுண்டிப்போச்சி. இன்னிக்காவது முழுசாப் படிக்கட்டும்னு விட்டேன்’னு சொல்லுச்சி. அழுதுகிட்டேதான் சொல்லுச்சி.”

தர்மபுரிக்குத் திரும்பும் பேருந்தில் அந்த மடலை மனத்துக்குள் ஒருமுறை படித்துப் பார்த்தேன். எனக்கு அது இன்னும் மனப்பாடம். செந்நிறக் கனிகள், செங்கதிரோன், பாஸ்கா, மண்டி என்று நாலு நிமிடம் முழுக்கப் புகழ்ச்சியிலேயே போய்விடுகிறது. ‘ஓய்வு’ என்ற சொல் அதற்குப் பிறகுதான் வருகிறது. ‘இன்றோடு’ அதற்கும் பிறகு. அன்றைக்கு அவர் கையைத் தூக்காமல் இருந்திருந்தால் ஆர்மோனியம் எழும்பியிருக்கும், இந்தப் பெரியவர் திரையோடு வந்து என் முன்னால் நின்றிருப்பார், சனங்கள் சிரித்திருப்பார்கள். நான் செங்கதிரோனோடு கீழே இறங்கியிருப்பேன்.